கலையாத கூட்டம்

நூல் அவிழ்வதற்கும் ஒரு சத்தம் உண்டு. ஒரு நூல் அவிழ்ந்தால் கேட்காது, ஒரு தட்டு நிறையப் பீடிகளின் நூல்கள் ஒன்றாக அவிழ்ந்தால் கேட்கும். கல்லூரி விடுமுறைக்கு நான் ஊர் வந்திருந்த ஒரு வைகாசி மத்தியானம், தெருக்கோடியிலிருந்த பீடிக்கடையில் அதைக் கேட்டேன். தூங்குகிற பிள்ளை புரண்டு படுக்கும்போது கோரைப்பாய் போடுகிற சத்தம் எவ்வளவோ அவ்வளவுதான், அதற்குமேல் இல்லை. முப்புடாதி கொண்டுவந்து வைத்த பீடிக்கட்டுகள் அத்தனையும் பீடியைச் சரிபார்த்து வாங்குகிற செக்கரின் கண்முன்னால் மெல்ல நெகிழ்ந்து, சுருள் விரிந்து, இலை தனியாகவும் தூள் தனியாகவும் நூல் தனியாகவும் பிரிந்து தட்டில் கிடந்தன. செக்கர் நிறையப் பார்த்தவர். நூலை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவளின் தட்டை இழுத்து வைத்துக்கொண்டார்.

குற்றாலத்து மலை தூரத்தில் நீலமாகத் தெரிகிற ஊர் எங்களுடையது. ஆண்களில் பாதிப்பேர் பம்பாயில் இருந்தார்கள், மீதிப்பேர் ஆலமரத்தடியில் சீட்டு விளையாடினார்கள், பெண்கள் எல்லாரும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றினார்கள். முப்புடாதியின் புருஷன் சங்கிலிமுத்து பம்பாய்ப் பாதியைச் சேர்ந்தவன், அங்கே ஒரு டீக்கடையில் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள். இளையவளைப் பெற்றபின் ஒரு மழைக்காலம் முழுக்கப் படுக்கையில் கிடந்து, சுவரைப் பிடித்து நடந்து, எழுந்து வந்தவள் முப்புடாதி. அந்த வருஷம் அவன் லீவில் வந்திருந்தபோது மூன்றாவது தங்கியது. இரண்டு பேரும் வயற்காட்டு வரப்பில் உட்கார்ந்து பேசினார்கள்; பேசி முடித்து, ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா காரணம் கேட்டதற்கு, இருக்கிற இரண்டையும் தூக்கவே தன்னிடம் கை பத்தவில்லை என்று முப்புடாதி சொன்னாளாம். அவன் அங்கிருந்தே ரயிலேறினான். அவள் பஸ்ஸில் ஊர் திரும்பி, வாசல் தெளித்து, உலை வைத்தாள்.

மறுநாள் தெருக்குழாயடியில் அவளுடைய மாமியார் பிச்சம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"கலைச்சிட்டு வந்துட்டா."

அந்தச் சொல் எங்கள் பக்கத்தில் எத்தனையோ காரியத்துக்கு ஆகும். மேகம் கலையும், தூக்கம் கலையும், வாரின தலை கலையும், சந்தை கலையும், விடிந்தால் கூத்தாடியின் வேஷம் கலையும், சீட்டுக்கட்டையும் கலைத்துத்தான் போடுவார்கள். எதைக் கலைத்தாள் என்று பிச்சம்மாள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதால் அந்தச் சொல் கட்டவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி தன் இஷ்டத்துக்கு ஊரெல்லாம் திரிய ஆரம்பித்தது, பிறகு நடந்தவற்றுக்கு அதை மிஞ்சி ஒரு காரணத்தை யாரும் கண்டுபிடிக்கவுமில்லை, தேடவுமில்லை.

அன்று சாயங்காலம் அவள் நடந்துபோன பாதையில் வரிசையாய்ப் போன எறும்புகள் தங்கள் வரிசையை மறந்து ஆளுக்கொரு பக்கம் போயின. அவள் கையிலெடுத்த விளக்குமாறு ஈர்க்கு ஈர்க்காய் உதிர்ந்தது. அவள் தலையைப் பின்ன முடியவில்லை. பின்னின பின்னல் அவள் கையை எடுத்ததும் சிரித்துக்கொண்டு பிரிவது போலப் பிரிந்தது. பஸ் நிறுத்தத்தில் அவள் போய் நின்றால் நின்றுகொண்டிருந்தவர்கள் பஸ்ஸுக்கு எதற்கு நிற்கிறோம் என்று யோசித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். டீக்கடையில் வரப்புத் தகராறில் சட்டையைப் பிடித்திருந்த இரண்டு பேர், அவள் பால் வாங்க வந்ததும், பிடித்திருந்த சட்டை யாருடையது என்று பார்த்து, பட்டனைச் சரிசெய்து விட்டுப் பிரிந்தார்கள்.

ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. ஊர் எதற்குத்தான் பழகவில்லை. சிக்கு விழுந்த கிணற்றுக் கயிற்றை அவள் வாசலில் கொண்டுவந்து போட்டார்கள், காப்பி குடித்து முடிப்பதற்குள் கயிறு நேராகிக் கிடந்தது. கோயில் மரத்தில் கூடு கட்டியிருந்த குளவிகளை அவள் அண்ணாந்து பார்க்க, அவை கோபமில்லாமல் மலைப்பக்கம் போயின. பெண்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள்: ஆலமரத்தடி வழியாக அவளை ஏதாவது ஒரு சாக்கில் அனுப்பிவைத்தார்கள். சீட்டாட்டம் அன்றோடு கலைந்தது. எங்கள் ஊர் ஆண்கள் அந்த வாரம் கூரை மேய்ந்தார்கள், மாட்டைக் குளிப்பாட்டினார்கள், பிள்ளைகளிடம் எந்த வகுப்பு படிக்கிறாய் என்று கேட்டார்கள்.

ஆனால் கல்யாண வீட்டுக்கு அவளைக் கூப்பிடவில்லை. மாலை உதிர்ந்துவிடும், மேளம் பிரிந்துவிடும், பந்தி பாதியில் எழுந்துவிடும் என்று பயம். அவள் சுற்றிய பீடியும் நிற்கவில்லை. அவள் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், நூலை எச்சில் தொட்டு முடிந்தாலும், பிள்ளைகளின் ரிப்பனை வெட்டிக் கட்டினாலும், கடைக்குப் போகுமுன் தட்டில் இலையும் தூளும்தான் கிடந்தன. பிறகு அவள் பீடிக்கடைக்குப் போவதை நிறுத்தினாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள்.

இதை ஒரு விஷயமாக யாரும் சொல்லவில்லை, நான்தான் பல காலம் கழித்து யோசித்துச் சொல்லுகிறேன்: அவளைப் பார்க்க யாரும் வரவில்லை. எங்கள் ஊரில் பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போக ஒரு முறை இருக்கிறது, சாவு விழுந்த வீட்டுக்குப் போக ஒரு முறை இருக்கிறது. பிள்ளை பார்க்கப் போகிறவள் பெற்றவளுக்குக் காயமருந்து கிண்டி எடுத்துப் போவாள், சிரிப்பாள், எழுந்திருக்கும்போது போயிட்டு வாரேன் என்பாள். துட்டி கேட்கப் போகிறவள் வெறுங்கையோடு போவாள், கட்டிப்பிடித்து அழுவாள், எழுந்திருக்கும்போது சொல்லிக்கொள்ளாமல் போவாள். சாவு வீட்டில் வாரேன் என்று சொன்னால் சாவும் திரும்ப வரும். முப்புடாதியின் வீட்டுக்கு எந்த முறையில் போவது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. தெரியாததால் தெருவே அவள் வாசலைத் தாண்டும்போது கொஞ்சம் வேகமாக நடந்தது.

புறவாசல் வழியாக மட்டும் சிலர் வந்தார்கள், ஒருத்தி வந்தது ஒருத்திக்குத் தெரியாமல். பித்தளைப் பாத்திரங்களை, மினுமினுக்கிற பாத்திரங்களை, தினமும் மத்தியானம் புளிபோட்டுத் தேய்த்துத் தேய்த்து நகமே கரைந்துபோன ஆவுடைத்தாய் வந்தாள். எதற்கெடுத்தாலும் சிரித்து, சாவு வீட்டில்கூட ஒரு வேடிக்கை சொல்லி வசவு வாங்குகிற செல்லக்கனி வந்தாள். எந்தக் கோயிலைக் கண்டாலும் கம்பியில் ஒரு மஞ்சள் கயிறு கட்டிவிட்டு வருகிற கோமதி வந்தாள். எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள். நெஞ்சில் ஏதோ கட்டிக்கொண்டு ரொம்பக் காலமாக இருக்கிறது, கொஞ்சம் கலைத்துவிடேன் என்றார்கள். எதனால் கட்டியது என்று அவள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. முப்புடாதி ஒவ்வொருத்தியின் நெஞ்சிலும் கையை வைத்துப் பார்த்தாள்.

"எனக்கும் இருக்குக்கா. இது ஒண்ணுதான் கலைய மாட்டேங்கு."

ஆனி பிறந்து சாரல் காலம் வந்தது. மலையிலிருந்து மேகம் இறங்கி ஊர் எல்லை வரை வந்து, பஞ்சுப் பொதி பிரிந்தது மாதிரி பிரிந்துபோயிற்று. எல்லாரும் அந்த வீட்டைப் பார்த்தார்கள். அம்மன் கோயில் கொடை விழா நெருங்கிக்கொண்டிருந்தது. கொடையன்று கூட்டம் கலைந்தால் சாமி ஆடுகிறவர் யார் முன்னால் ஆடுவது என்று நாட்டாமை பிரமநாயகம் கேட்டார். பிச்சம்மாளிடம் சம்மதம் வாங்கினார்கள். வாங்கினார்கள் என்ன, அவள்தான் முதல் ஆளாகப் பிராது சொன்னாள். மருமகளை அவள் பிறந்த ஊருக்கு ஒரேயடியாக அனுப்பிவிடுவது, பிள்ளைகள் இரண்டும் இங்கேயே ஆச்சியிடம் இருப்பது என்று ஊர்க்கூட்டம் கூடி முடிவு செய்ய வேண்டியதுதான் பாக்கி. முப்புடாதி செய்தியைக் கேட்டு, இளையவளை மடியில் இழுத்து வைத்து அவளுடைய தலையைப் பின்னினாள். பின்னல் பிரிந்தது. மறுபடி பின்னினாள்.

முதல் கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில் கூடியது. எங்கள் ஊர் வழக்கப்படி, பிராதுக்கு ஆளானவர் கூட்டத்தின் முன்னால் நிற்காமல் முடிவு சொல்லக் கூடாது. அவள் வந்து நின்றாள். நாட்டாமை தொண்டையைச் செருமினார். ஒருவருக்குத் தோட்டத்தில் மோட்டாரை நிறுத்தாமல் வந்தது ஞாபகம் வந்தது, ஒருவருக்கு ஆட்டைக் கட்டினோமா இல்லையா என்று சந்தேகம் வந்தது, ஒருவர் தன் சின்னம்மாவைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று கண்கலங்கிக்கொண்டு பஸ் ஏறப் போனார். சற்று நேரத்தில் மைதானத்தில் நாட்டாமையும் அவளும் மட்டும் நின்றார்கள். அவரும், நேரமாயிட்டு தாயி, வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த கூட்டத்துக்குத் தயாராக வந்தார்கள். ஆண்கள் ஒருவர் தோளோடு ஒருவர் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், சுற்றிலும் தேர்வடத்தை இழுத்துக் கட்டினார்கள், அவளைத் தூரத்தில் தண்ணீர்த்தொட்டி அருகில் நிற்கச் சொன்னார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் அடித்தது. வடம் அவிழ்ந்தது. அதோடு நிற்கவில்லை, வேட்டிகளும் அவிழ்ந்தன. கோத்த கைகளை எடுத்து அவரவர் வேட்டியைப் பிடிக்க வேண்டியதாயிற்று, பிடித்த வேட்டியோடு வீட்டுக்கு ஓட வேண்டியதாயிற்று. செல்லக்கனி அன்று சிரித்த சிரிப்பு பக்கத்து ஊருக்குக் கேட்டது என்று சொல்வார்கள்.

இனி அவள் வீட்டு வாசலிலேயே கூடுவது, நின்ற நிலையில் ஒரே வார்த்தையில் தீர்ப்பைச் சொல்லிவிடுவது என்று பிரமநாயகம் அறிவித்தார்.

அதைக் கேட்ட மத்தியானம்தான் ஆவுடைத்தாய் தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அதிலேயே கருப்பட்டியும் சுக்கும் பூண்டும் நல்லெண்ணெயும் போட்டுக் காயமருந்து கிண்டினாள். கிண்டியதை எடுத்துக்கொண்டு, புறவாசல் வழியாக அல்ல, தெருவே பார்க்க முன்வாசல் வழியாக முப்புடாதியின் வீட்டுக்குள் போனாள். போனதும் அவளைக் கட்டிப்பிடித்து, துட்டி கேட்கிற மாதிரி ஓங்கி அழுதாள். இரண்டு முறையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிய முதல் பெண் எங்கள் ஊரில் அவள்தான். முப்புடாதி அழுதாள், மருந்தைத் தின்றாள், அழுதுகொண்டே இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்றாள். வெயில் தாழ்ந்ததும் ஆவுடைத்தாய் எழுந்து சேலையை உதறிக்கொண்டு சொன்னாள்:

"போயிட்டு வாரேன், மதினி."

சொன்னபிறகுதான் அவளுக்கு உறைத்தது. துட்டி வீட்டில் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டாள். இதற்குப் பரிகாரம், திரும்ப உள்ளே வந்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி சொல்லாமல் எழுந்து போக வேண்டும். உட்கார்ந்தாள். எழுந்தாள். வாய் மறுபடி அதையே சொன்னது. பாவி வாய், பிள்ளை பார்க்க வந்த நினைப்பிலேயே இருக்கிறது என்று வாயில் அடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். விஷயம் கேள்விப்பட்டு, அவளை முறையாகக் கிளப்பிக் கூட்டிப்போக செல்லக்கனி வந்தாள். வந்தவள் தானும் கட்டிப்பிடித்து அழுதாள். அவள் அழுது அன்றுதான் பார்த்தார்கள். பிறகு எழுந்து, கண்ணைத் துடைத்து, வா போவோம் என்று ஆவுடைத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, சரி முப்புடாதி, வாரேம்ட்டி என்றாள். அவர்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போக கோமதி வந்தாள். கோமதியைக் கூட்டிப்போக அவள் மதினி வந்தாள். வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள், வந்தவர்கள் எல்லாரும் மருந்தை வழித்துத் தின்றார்கள், வந்தவர்கள் எல்லாரும் எழுந்திருக்கும்போது தப்பாகச் சொல்லிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார்கள். வீடு நிறைந்து முற்றம் நிறைந்தது, முற்றம் நிறைந்து வாசல் நிறைந்தது. ஒருத்தி தன் கதையைச் சொன்னாள், கலைக்க எருக்கம்பால் கொடுத்தார்கள் என்றாள், தன் அக்காளைப் பற்றிச் சொன்னாள். ஒருத்தி ஒன்றுமே சொல்லாமல் அடுத்தவள் தோளில் தூங்கினாள். ஒருத்தி, எனக்கு அன்னைக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு, அதைச் சொன்னா அடிப்பாகன்னு இருந்துட்டேன் என்றாள், யாரும் அவளை அடிக்கவில்லை. வீட்டுக்குப் போக முடியாததால் தட்டுகளைப் பிள்ளைகளிடம் எடுத்துவரச் சொல்லி அங்கேயே பீடி சுற்றினார்கள். முப்புடாதியும் ஒரு தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், பேச்சு சுவாரசியத்தில் நூல் நிற்கிறதா என்று பார்க்க மறந்துபோனாள்.

இப்படித்தான் பிரமநாயகமும் ஊர் ஆண்களும் மறுநாள் காலை தீர்ப்பைச் சொல்ல வந்தபோது, அந்த வாசலில் காலை வைக்க இடமில்லாமல் இருந்தது. எதைக் கண்டாலும் கலைகிற ஊரில், கலைப்பவளைச் சுற்றியே ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. அது பேசிக்கொண்டும் இலை வெட்டிக்கொண்டும் இருந்தது. கத்தரிகளின் சத்தம் தெரு முழுக்க நிரம்பியிருந்தது.

"பொம்பளைங்க எல்லாரும் கலைஞ்சு போங்க" என்றார் பிரமநாயகம்.

ஆவுடைத்தாய் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "போகத்தான் பாக்கோம் அண்ணாச்சி. முடியல. எந்திரிச்சா வாரேன்னு வந்துருது."

உங்களுக்கு முறை தெரியுமே, நீங்கள்தான் வந்து சொல்லித்தாருங்கள் என்று செல்லக்கனி இடத்தை ஒதுக்கிவிட்டாள். நாட்டாமை ஒரு அடி பின்னால் போனார். அவருக்குப் பின்னால் நின்ற பிச்சம்மாளை முன்னால் விட்டு, பிராது கொடுத்தவள் நீதானே, சொல்லு என்றார். அப்போதுதான் முப்புடாதி எழுந்தாள். மடியிலிருந்த தூளைத் தட்டில் உதறினாள்.

"நான் செஞ்சது எனக்குச் சரிதான் அண்ணாச்சி. எனக்கு அழுகையும் வருது. அந்தச் சரியும் இந்த அழுகையும் ரெண்டும் என் வீட்டுலதான் இருக்கும். எம்பிள்ளைகளும் இங்கதான் இருக்கும். நானும் இருப்பேன்."

பதில் சொல்ல வேண்டிய இடத்தில் பிச்சம்மாள் இருந்தாள். அவள் மெதுவாக, கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவிலிருந்த கொஞ்சம் வெறும் தரையைக் கடந்து வந்தாள். மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆவுடைத்தாயின் பக்கத்தில் கையை ஊன்றி உட்கார்ந்தாள்.

"எனக்கு ஆனப்ப யாரும் வந்து உக்காரலியே" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஆவுடைத்தாய் காயமருந்தின் அடிச்சட்டியை வழித்து அவளிடம் நீட்டினாள். கிழவி அதை வாங்கி, எல்லார் முன்னாலும், பெற்றவள் தின்பது போல விரலால் தொட்டுத் தொட்டுத் தின்றாள். செய்தி அறிந்து பம்பாயிலிருந்து வந்து இறங்கிய சங்கிலிமுத்து தெருமுனையில் நின்று இதைப் பார்த்தான். பெட்டியின் பூட்டு தானாகத் திறந்து துணிகள் ரோட்டில் விழுந்துகொண்டிருந்தன. அவன் அவற்றைப் பொறுக்கவில்லை. நேரே வந்து ஆண்களின் பக்கம் நிற்காமல் பெண்களின் செருப்புகள் கிடந்த இடத்தில் உட்கார்ந்து, நாங்க ரெண்டு பேரும் பேசித்தான் செஞ்சோம் என்றான்.

பிறகு ஆண்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். மோட்டாரையோ ஆட்டையோ யாரும் காரணம் சொல்லவில்லை. கடைசியாகப் பிரமநாயகம், சரி, நான் போயிட்டு வாரேன் என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார், திரும்ப வந்து உட்கார வேண்டியிருக்குமோ என்று பெண்களின் முகத்தைப் பார்த்தார். போகலாம் என்று முப்புடாதி தலையை அசைத்தாள். தெரு முழுக்கச் சிரித்தது. சாரல் அதற்கு முந்தின வாரமே வந்துவிட்டிருந்தது என்பதும், அவள் வீட்டுக்கூரையில்தான் முதலில் விழுந்தது என்பதும், அதற்குப் பிறகுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத் தோன்றியது.

அந்த வருஷக் கொடையில் கூட்டம் கலையவில்லை. விடிந்தும் கலையவில்லை, சாமி ஆடி மலையேறின பிறகும், மேளக்காரர்கள் மேளத்தை உறையில் போட்ட பிறகும், பெண்கள் பந்தலடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள், நடுவில் முப்புடாதி இருந்தாள். அவள் சுற்றிய பீடிகள் எந்த நாளிலிருந்து நிற்க ஆரம்பித்தன என்று யாரும் குறித்துவைக்கவில்லை. ஒரு பெண்ணைப் பற்றி முடிவு சொல்ல எங்கள் ஊரில் அதன்பின் கூட்டம் கூடியதில்லை. கூட்டினால் வேட்டி நிற்காது என்று ஆண்கள் தங்களுக்குள் காரணம் வைத்துக்கொண்டார்கள், இருக்கட்டும். இன்றும் எங்கள் ஊரில் ஒருத்திக்கு அப்படி ஆனால் மறுநாளே யாராவது காயமருந்து கிண்டிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போய்க் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், எழுந்திருக்கும்போது வாரேன் என்கிறார்கள், அதுவே முறை என்று நினைக்கிறார்கள்.

முப்புடாதி அந்த வீட்டிலேயே இருந்தாள். மகள்கள் இரண்டு பேரையும் அங்கிருந்தே கட்டிக்கொடுத்தாள், பின்னாளில் பீடிச் சங்கத்துக்குத் தலைவியானாள், போன ஐப்பசியில் காலமானாள்.